பாக்கெட் கணக்கு: டிசிபிடம்ப் முதல் வயர்ஷார்க் வரை

வணிகவியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடும் பாடம் ஒன்று உண்டு. ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தால் அதை நடந்த அன்றே, நடந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்து பிறப்பவைதான். குறிப்பேடு இல்லாத கடையில் சண்டை வந்தால் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதே கணக்கு!

இணையத்துக்கும் அப்படி ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதன் பெயர் 'பிகேப்' கோப்பு. கணினித் துறை மாணவர்கள் ஆய்வகத்தில் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பார்த்திருப்பார்கள். வண்ண வண்ண வரிகள் கடகடவென்று ஓடும். கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் அந்தக் கோப்புக்குப் பின்னால் முப்பது வருடங்களுக்கும் மேலான கதை இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தையே பதில் சொல்ல வைத்த கதையும் அதில் உண்டு.

முதலில் பாக்கெட் என்றால் என்ன?

ஒரு கடிதத்தையோ படத்தையோ இணையத்தில் அனுப்பினால் அது முழுதாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து போகிறது. அந்தத் துண்டுதான் பாக்கெட். ஈதர்நெட் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் சாதாரணமாக 1500 பைட்டுக்குள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனையாவது துண்டு என்ற விவரங்கள் இருக்கும். தபால் உறையின் மேல் விலாசம் எழுதுவது போல.

ஆனால் இந்த உறைகள் கண்ணுக்குத் தெரியாது. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் கம்பியைக் கடந்து மறைந்துவிடும். வேலை சரியாக நடக்கும்வரை கவலை இல்லை. நடக்காதபோதுதான் கேள்வி வரும். பாக்கெட் புறப்பட்டதா, வந்து சேர்ந்ததா, வழியில் யார் கெடுத்தார்கள்? போன பாக்கெட்டைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. போகும்போதே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

1986: இணையம் திணறிய மாதம்

1986 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 400 கஜம்தான். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தகவல், திடீரென்று நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. 40 பிட் என்றால் வெறும் ஐந்து எழுத்து. நடந்து போய் நேரில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் :)

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதன் காரணத்தைத் தேடினார். நெரிசல் வந்தால் ஒவ்வொரு கணினியும் 'என் பாக்கெட் தொலைந்துவிட்டது' என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறது, அதனால் நெரிசல் இன்னும் கூடுகிறது என்று தெரியவந்தது. அவரும் மைக்கேல் கேரல்ஸும் சேர்ந்து கண்டுபிடித்த தீர்வு 1988இல் கட்டுரையாக வெளியானது. இன்றுவரை டிசிபி இணைப்புகள் நெரிசலைச் சமாளிக்கும் முறைகளுக்கு அதுதான் அடித்தளம்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பாக்கெட்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக அதே ஆய்வகத்தில் பிறந்த மென்பொருள்தான் டிசிபிடம்ப். வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகிய மூவரும் இதன் மூல ஆசிரியர்கள். இதில் மெக்கேன் அப்போது பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒரு சுவையான செய்தி. டிசிபிடம்பின் சில பகுதிகள் முதலில் சன் நிறுவனத்தின் 'ஈதர்ஃபைண்ட்' என்ற மென்பொருளிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அது தனியார் சொத்து. அப்படியே வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க முடியாது. எனவே மெக்கேன் அந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதினார். எப்படி? மூல நிரலை ஒரு வரிகூடப் பார்க்காமல், பயனர் கையேட்டில் இருந்த விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு! அந்த நேர்மையால்தான் டிசிபிடம்ப் யாருக்கும் கடன்படாத மென்பொருளாக உலகெங்கும் பரவ முடிந்தது.

அடுத்த பிரச்சினை வேகம். கம்பியில் போகும் எல்லாவற்றையும் மென்பொருளிடம் கொண்டுவந்து கொட்டி, பிறகு வேண்டியதைப் பொறுக்கினால் கணினி திணறும். வேண்டாததை வாசலிலேயே, அதாவது கெர்னலுக்குள்ளேயே வடிகட்டும் முறையை மெக்கேனும் ஜேக்கப்சனும் உருவாக்கினார்கள். 1993இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, அதே கணினியில் சன் நிறுவனத்தின் முறையைவிட 100 மடங்கு வரை வேகம் என்று கணக்குக் காட்டியது. பிபிஎஃப் எனப்படும் அந்த வடிகட்டிதான் இன்று லினக்ஸில் 'இபிபிஎஃப்' என்ற பெயரில் பெரிதாக வளர்ந்து நிற்கிறது.

ஒரு குறிப்பேட்டின் இலக்கணம்

டிசிபிடம்ப் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டுவதோடு நிற்கவில்லை. கோப்பாகச் சேமித்தும் வைத்தது. பிடிக்கும் வேலையையும் கோப்பில் எழுதிப் படிக்கும் வேலையையும் தனியாகப் பிரித்து 'லிப்பிகேப்' என்ற நூலகமாக 1994இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளில் அதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பிகேப் கோப்பு ஒரு பொது மொழியாக மாறியது இப்படித்தான்.

அந்தக் கோப்பின் அமைப்பு மிகவும் எளிமையானது. முதல் 24 பைட் கோப்பின் முகப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட்டில் ஒரு குறிப்பு, பின்னால் அந்தப் பாக்கெட். கடைசிவரை இதே கதைதான்.

முகப்பில் முதலில் வருவது ஒரு மந்திர எண்: ஏ1பி2சி3டி4. சில கணினிகள் எண்களை இடமிருந்து வலமாகவும் சில வலமிருந்து இடமாகவும் எழுதுகின்றன. படிக்கும் கணினிக்கு இந்த எண் டி4சி3பி2ஏ1 என்று தலைகீழாகத் தெரிந்தால், 'ஓ, எழுதியவர் வேறு வழக்கம் உள்ளவர்' என்று புரிந்துகொண்டு மற்ற எண்களையும் திருப்பிப் படித்துக்கொள்ளும்.

பாக்கெட் குறிப்பில் நான்கே நான்கு விவரங்கள். நேரம் நொடியில், அதன் பின்னம் மைக்ரோநொடியில், கோப்பில் எழுதிய நீளம், உண்மையான நீளம். கடைசி இரண்டும் ஏன் தனித்தனியாக? இங்கேதான் நல்ல கணக்கரின் குணம் தெரிகிறது. அந்தக் காலத்தில் வட்டில் இடம் குறைவு. தனியாகச் சொல்லாவிட்டால் பழைய டிசிபிடம்ப் ஒரு பாக்கெட்டின் முதல் 68 பைட்டை மட்டுமே எழுதும். விலாசம் தெரிய அது போதும். ஆனால் 'எழுதியது 68, உண்மையில் இருந்தது 1500' என்று ஒளிக்காமல் சொல்லிவிடும். எதை எழுதவில்லை என்பதையும் சேர்த்து எழுதும் குறிப்பேடு!

இதன் மதிப்பு விரைவிலேயே வெளியே தெரிந்தது. 1994 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், ட்சுடோமு ஷிமொமுரா என்ற ஆராய்ச்சியாளரின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். வந்த வழியை நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. ஆனால் டிசிபிடம்ப் பதிவு இருந்தது. வேறு ஒரு கணினியின் விலாசத்தைப் போட்டுக்கொண்டு, வரிசை எண்களை ஊகித்து உள்ளே வந்த தந்திரத்தை அவர் 1995 ஜனவரியில் பாக்கெட் பாக்கெட்டாக வெளியிட்டார்.

1500 டாலரும் ஒரு பட்டதாரியும்

இலவச டிசிபிடம்ப் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகக் காட்டும். பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். அழகாகப் பிரித்துக் காட்டும் கருவிகள் இல்லாமல் இல்லை. 1986இல் ஹாரி சால், லென் ஷஸ்டெக் இருவரும் தொடங்கிய நெட்வொர்க் ஜெனரல் நிறுவனத்தின் 'ஸ்னிஃபர்' மிகவும் புகழ்பெற்றது. கையில் தூக்கிச் செல்லும் காம்பாக் கணினியோடு சேர்த்தே விற்றார்கள். இன்று இத்தகைய எல்லாக் கருவிகளையும் ஸ்னிஃபர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் காசு உள்ளவர்களுக்கு.

1997ஆம் வருடக் கடைசி. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு சின்ன இணையச் சேவை நிறுவனத்தில் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்ற கணினி அறிவியல் பட்டதாரி வேலை பார்த்தார். நெட்வொர்க் பிரச்சினைகளைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அப்போது விற்ற மென்பொருள்களின் விலை சுமார் 1500 டாலர். அந்த விலை கொடுத்தாலும் அவருடைய அலுவலகத்தில் இருந்த சோலாரிஸ், லினக்ஸ் கணினிகளில் அவை ஓடாது.

எனவே தானே எழுத ஆரம்பித்தார். 1998 ஜூலையில் 'ஈதீரியல்' என்ற பெயரில் முதல் பதிப்பை வெளியிட்டார். பதிப்பு எண் 0.2.0. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. சில நாட்களிலேயே திருத்தங்கள் வர ஆரம்பித்தன. கில்பர்ட் ராமிரெஸ், கை ஹாரிஸ், ரிச்சர்ட் ஷார்ப் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாருக்கு எந்த நெறிமுறை தெரியுமோ அதைப் பிரித்துப் படிக்கும் பகுதியை அவரவர் எழுதிச் சேர்த்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான்.

ஈதீரியல் லிப்பிகேப்பையே பயன்படுத்தியதால் டிசிபிடம்ப் எழுதிய எந்தக் கோப்பையும் திறக்க முடிந்தது. போதாததற்கு ஸ்னிஃபர் போன்ற பிற நிறுவனங்களின் கோப்பு வகைகளையும் படித்தது. விண்டோஸ் பயனர்களுக்காக இத்தாலியின் டூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'வின்பிகேப்' உருவானது. ஒரு கணினியில் பிடித்து, இன்னொரு கணினியில் திறந்து, மூன்றாவது ஊரில் இருப்பவரிடம் கருத்துக் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

கோப்பு பெருத்தால்?

இப்போது வேறு தொல்லை. 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு முழுதாக நிறைந்து ஓடினால் நொடிக்கு 12.5 மெகாபைட். நிமிடத்துக்கு 750 மெகாபைட். ஒரு குறுந்தகடு ஒரு நிமிடத்துக்குள் நிறைந்துவிடும்! ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். இவ்வளவு பெரிய கோப்பைத் திறந்தால் கணினியின் நினைவகம் தாங்காது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். பாக்கெட் கோப்பைப் பராமரிப்பதும் அந்த விதிப்படிதான். இதற்காக ஈதீரியலோடு சில சின்னக் கருவிகளும் வளர்ந்தன. இவை இன்றும் வயர்ஷார்க்கோடு சேர்ந்தே வருகின்றன.

டம்ப்கேப்: பிடிப்பது மட்டுமே இதன் வேலை. குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் அடுத்த கோப்புக்குப் போகும். பத்துக் கோப்பு போதும் என்று சொல்லிவிட்டால், பதினொன்றாவது வரும்போது மிகப் பழையதை அழித்துவிடும். எப்போதோ ஒருமுறை வரும் கோளாறைப் பிடிக்க இதுதான் வழி. நாள் முழுக்க ஓடவிடலாம், வட்டு நிறையாது.

கேப்இன்ஃபோஸ்: கோப்பைத் திறக்காமலே சுருக்கம் சொல்லும். எத்தனை பாக்கெட், முதல் பாக்கெட் எப்போது, கடைசி எப்போது என்று. ஏறக்குறைய இருப்பாய்வு மாதிரி.

எடிட்கேப்: பெரிய கோப்பை நேரப்படியோ எண்ணிக்கைப்படியோ துண்டாக்கும். இரண்டு முறை பதிவான பாக்கெட்டை நீக்கும். ஒரு கணினியின் கடிகாரம் மூன்று நொடி தள்ளி ஓடியிருந்தால் எல்லா நேரக் குறிப்பையும் மூன்று நொடி நகர்த்தியும் கொடுக்கும்.

மெர்ஜ்கேப்: பல கோப்புகளை நேர வரிசைப்படி ஒன்றாகச் சேர்க்கும்.

மூலக் கோப்பை யாரும் திருத்துவதில்லை, பிரதி எடுத்துத்தான் வேலை செய்வார்கள் என்பது இதில் எழுதப்படாத விதி. குறிப்பேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பதைப் போலவே.

2006இல் கோம்ப்ஸ் பழைய வேலையை விட்டு கேஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். 'ஈதீரியல்' என்ற வணிகப் பெயர் பழைய நிறுவனத்திடமே நின்றுவிட்டது. ஆனால் நிரல் திறந்த மூலம் அல்லவா? பெயரை விட்டுவிட்டு நிரலோடு புறப்பட்டார்கள். புதுப் பெயர்: வயர்ஷார்க். பத்து வருட உழைப்புக்குப் பிறகு 2008இல்தான் பதிப்பு 1.0 வந்தது.

இரண்டு குறிப்பேடுகள் பேசிய கதை

பெயர் மாறிய மறு வருடமே இந்தக் குறிப்பேட்டுக்குப் பெரிய சோதனை வந்தது. 2007இல் அமெரிக்காவில் ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் பொறியாளர், காப்புரிமை முடிந்துபோன பழைய நால்வர் குழுப் பாடல்களை பிட்டோரண்ட் மூலம் பகிர முயன்றார். யாரும் பதிவிறக்க முடியவில்லை. அவருடைய இணையச் சேவை காம்காஸ்ட் நிறுவனத்தினுடையது.

சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்வார்? தொலைபேசியில் புகார் கொடுப்பார். 'கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்' என்று பதில் வரும். அவர் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். இணைப்புகள் எல்லாம் 'முறித்துக்கொள்' என்ற ஒரு வகைக் கட்டளைப் பாக்கெட்டால் அறுந்துகொண்டிருந்தன. அந்தப் பாக்கெட் எதிர்முனையில் இருப்பவர் அனுப்பியது போலவே விலாசத்தோடு வந்திருந்தது.

எதிர்முனைக்காரர்தான் உண்மையிலேயே அனுப்பினாரா? இதை ஒரு கோப்பை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைப் பகிர்ந்து சோதித்து, 2007 அக்டோபரில் செய்தி வெளியிட்டது. அடுத்த மாதம் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் தன் அறிக்கையை வெளியிட்டது. வயர்ஷார்க்கை வைத்து யார் வேண்டுமானாலும் எப்படிச் சோதிக்கலாம் என்ற வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுத்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்தான் இது! ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது போல, இரண்டு முனைக் கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். ஒருவர் கோப்பில் 'உங்களிடமிருந்து வந்தது' என்று இருக்கும் பாக்கெட், மற்றவர் கோப்பில் 'அனுப்பியது' என்று இல்லவே இல்லை. இருவருமே அனுப்பவில்லை, இருவருக்குமே வந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் இருப்பவர் போட்ட பொய்ப் பதிவு அது.

முதலில் தடுக்கவே இல்லை என்றார்கள். பிறகு, தாமதப்படுத்துவதாகச் சொன்னார்கள். 2008 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் நிறுவனத்துக்கு எதிராக முடிவெடுத்தது. 2010 ஏப்ரலில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் பாக்கெட் கோப்பு காட்டிய உண்மையை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை. அதற்கு முன்பே நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் சமத்துவம் பற்றிய விவாதம் உலகம் முழுக்கச் சூடுபிடிக்க இந்த வழக்கும் ஒரு காரணம்.

பிறர் கடிதம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறிப்பேடு எழுதுபவர் அடுத்தவர் வீட்டுக் கணக்கையும் எழுதினால்?

2010 மே மாதம் கூகுள் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. தெருக்களைப் படம் பிடிக்கச் சென்ற அதன் கார்கள், வழியில் பூட்டப்படாமல் இருந்த வீட்டு வைஃபை இணைப்புகளின் பாக்கெட்டுகளையும் பதிவு செய்திருந்தன. 30க்கும் மேற்பட்ட நாடுகளில், 2007 முதல்! விலாசம் மட்டும் அல்ல, உறைக்குள் இருந்த கடிதமும் சேர்ந்து. மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் துண்டு துண்டாக அதில் இருந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 'தணிக்கை செய்ய வேண்டும், காட்டுங்கள்' என்று கேட்ட பிறகுதான் இது வெளியே வந்தது.

அதே கருவி, அதே வகைக் கோப்பு. தன் இணைப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர் கையில் சாட்சி. அடுத்தவர் இணைப்பில் வைத்தால் ஒட்டுக்கேட்பு. கல்லூரி நெட்வொர்க்கில் விளையாட்டாகப் பிடித்துப் பார்க்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. உதவி கேட்டுக் கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, தேவையான பகுதியை மட்டும் எடிட்கேப்பில் வெட்டி அனுப்புவதுதான் முறை.

பழைய கோப்பும் புதிய பூட்டும்

2012இல் வந்த வயர்ஷார்க் 1.8இலிருந்து 'பிகேப்என்ஜி' என்ற புதிய வகைதான் இயல்பான கோப்பு. ஒரே கோப்பில் பல இணைப்புகளின் பதிவுகளை வைக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதலாம், கணக்கில் விளக்கக் குறிப்பு எழுதுவது போல. இதன் மந்திர எண் 0ஏ0டி0டி0ஏ. எந்தப் பக்கமிருந்து பைட் பைட்டாகப் படித்தாலும் ஒன்றே! விகடகவி மாதிரி.

இன்று பெரும்பாலான இணையப் பக்கங்கள் குறியாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. கோப்பைத் திறந்தால் உறையின் மேல் விலாசம் தெரியும், உள்ளே கடிதம் புரியாது. பொதுமக்களுக்கு இது நல்லதுதான். தன்னுடைய இணைப்பைத் தானே ஆராய்பவர், தன் உலாவியிடமிருந்து சாவிகளை வாங்கி வயர்ஷார்க்கிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளலாம். எப்போது புறப்பட்டது, எப்போது வந்தது, எங்கே தொலைந்தது என்ற கேள்விகளுக்கோ சாவியே தேவையில்லை.

வயர்ஷார்க் இப்போது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல. 2023இல் அதற்கென்று லாப நோக்கமில்லாத அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 1990களில் டிசிபிடம்ப் எழுதிய பழைய கோப்பை இன்றைய வயர்ஷார்க்கில் திறந்தாலும் திறக்கும். அதை எழுதிய கணினி பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருக்கும். எழுதிய கணக்கு அப்படியே இருக்கிறது.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சேவை கொடுப்பவர் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்கிறார். யார் சொல்வது உண்மை? பெர்க்லியில் 400 கஜ தூரத்துக்கு நடுவில் எழுந்த கேள்வியும் இதுதான், பழைய பாட்டைப் பகிரப்போன பொறியாளருக்கு எழுந்த கேள்வியும் இதுதான். இருவருமே சத்தம் போடவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள்.